இடது காலுக்கு ஓர் அடி

எங்கள் பள்ளி பேண்டில் எனக்குப் பெரிய டிரம் கிடைத்தது இசைஞானத்தால் அல்ல. ஒன்பதாம் வகுப்பிலேயே அதைச் சுமக்கும் தோள் எனக்கு இருந்தது, அவ்வளவுதான். சைட் டிரம் பையன்களுக்கு இரண்டு குச்சி, உருட்டல், சடசடப்பு என்று வேடிக்கை காட்ட எவ்வளவோ இருந்தன. எனக்கு வெறும் 'டொம்'. அணிவகுப்பில் எல்லோருடைய இடது காலும் தரையில் படும்போது என் அடி விழவேண்டும். இதற்கு ஓர் ஆளா என்று சலித்துக்கொண்டேன்.

சுதந்திர தினத்தன்று கொடிமேடைக்குப் பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். அவரைக் கண்டதும் நெஞ்சு படபடத்தது. கையும் கூடவே ஓடியது. நிமிடத்துக்கு 120 காலடி என்பது பேண்ட் மாஸ்டர் சாரின் கணக்கு. அன்று எத்தனை ஆயிற்றோ! சைட் டிரம்கள் என்னைத் துரத்தின. ஆறாம் வகுப்புப் பொடியன்கள் ஓட்டமும் நடையுமாக மைதானத்தைக் கடந்தார்கள். "ஏலே, எந்த பஸ்ஸைப் பிடிக்கப் போகிறாய்?" என்று மட்டும் சார் கேட்டார்.

பிறகு ஒரு மாதம் பெஞ்சில் உள்ளங்கையால் மெதுநடை தட்ட வைத்தார். வேகமாக அடிப்பதைவிட அது கொடுமை. ஓர் அடிக்கும் மறு அடிக்கும் நடுவிலுள்ள வெறுமையைக் கை பொறுப்பதே இல்லை.

அடுத்த கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன். தாமிரபரணிக் கரையில் சுடலைமாடன் கோயில், சாமி கதையைப் பாடி ஆடும் கணியான் கூத்து. அதுவரை புடவை கட்டி ஆடும் ஆண்களைப் பார்த்துச் சிரிப்பதுதான் என் வேலை. அந்த இரவு, மகுடம் என்னும் தோல்கருவியை அடிக்கும் இருவருக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒன்று உச்ச ஒலி, மற்றது மந்த ஒலி. குச்சி கிடையாது, வெறுங்கைதான். ஆற்றுக்காற்றின் ஈரத்தில் தோல் தளரும்போதெல்லாம் தீமூட்டிக் காய்ச்சினார்கள். விரலால் சுண்டிக் காது கொடுத்தார்கள். திருப்தி இல்லையென்றால் மறுபடியும் தீ. என் டிரம்மின் தோலை நான் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

கூத்தின் தலைமைப் பாடகரான அண்ணாவி கதை பாடும்போது ஒரு சொல்கூட அமுங்காமல் மகுடம் அடங்கி ஒலித்தது. நடுச்சாமத்தில் சாமி வரும் நேரம் அடி ஏறியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என்னைப் போலத்தான் இவர்களும் ஓடுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். அண்ணாவி ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இரண்டு மகுடமும் ஒரே கையாக இன்னொரு படி ஏறின. சாமியாடி அமர்ந்ததும், எங்கே இறங்கினார்கள் என்றே தெரியாமல் பழைய நடைக்கு வந்துவிட்டார்கள். ஏறுவது எனக்கும் வரும். இந்த இறக்கம்தான் வரவில்லை.

இப்போது அடுக்குமாடி வீடு. கீழ்வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் காது கூர்மை. ரப்பர் பலகையில்தான் தட்டுகிறேன். தாள வேகம் காட்டும் கருவியான மெட்ரோனோமை 120-ல் வைத்துத் தொடங்கி, நிறுத்திவிட்டு, கண்ணை மூடி ஏறுகிறேன், பிறகு இறங்குகிறேன். பழைய இடத்துக்கு வந்துவிட்டேன் என்று கை சொல்லும்போது மெட்ரோனோமை வைத்துச் சரிபார்த்தால் 126.

போன வாரம் 124.