நான் மேலே எழுதிய 'ஹிஸ்'

எங்கள் கந்தோரில் ரைப் பண்ணுகிற பிள்ளை எழுதுகிற ஆங்கிலக் கடிதங்களைத் திருத்துவது நான்தான். சிவப்புப் பேனாவை அன்றைக்கு எடுத்திருக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. 'டிஸ்கஸ்ட் அபவுட்' என்று எழுதினால் அந்த 'அபவுட்'டை வெட்டத்தான் வேண்டும், இன்றைக்கும் வெட்டுவேன். எங்களுக்கு மனதுக்குள் 'அதைப் பற்றிக் கதைத்தோம்' என்றுதான் ஓடுகிறது, அந்தப் 'பற்றி' ஆங்கிலத்துக்குள்ளும் வந்து குந்திவிடுகிறது. 'ரிட்டர்ன் பேக்'கில் 'பேக்'கை வெட்டினபோது அந்தப் பிள்ளையே சிரித்துவிட்டாள். பிரச்சினை அடுத்த வரியில்.

விண்ணப்பிக்கிற ஒவ்வொருவரும் அடையாள அட்டை கொண்டுவர வேண்டும் என்ற வசனம். 'ஈச் அப்ளிகன்ட்' என்று ஒருமையில் தொடங்கி 'தெயர்' என்று பன்மைக்குப் போயிருந்தாள். நான் 'தெயரை' வெட்டி மேலே ஆண்பால் ஒருமையில் 'ஹிஸ்' என்று எழுதினேன். அவள் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சேர், இந்த லிஸ்டில முக்கால்வாசி பொம்பிளையள்."

"கிராமர் அப்படித்தான் பிள்ளை."

"ஓம் சேர்."

அவ்வளவுதான். பெரும்பாலும் புருசன் இல்லாமல் குடும்பம் பார்க்கிற பெண்கள். அந்த லிஸ்டைப் பெயர் பெயராகச் சரிபார்த்தவனே நான்தான்.

கடிதம் கொழும்புக்குப் போகிறது, பிழை என்று திருப்பி அனுப்பினால் அவளுக்குத்தானே வெட்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அப்படித் திரும்பி வந்த கடிதம் ஒன்றையும் நான் கண்டதில்லை. ரியூட்டரியில் மாஸ்டர் சொல்லித்தந்தது, அவ்வளவுதான் என் ஆதாரம்.

பிறகு தேடிப் பார்த்தேன், பார்க்காமலே விட்டிருக்கலாம். 'தெயர்' பிறக்கிற அந்த 'தே'யை ஒருமைக்குச் சொல்வது 14ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. 1850இல்தான் பிரித்தானியப் பாராளுமன்றம், சட்டங்களில் வருகிற ஆண்பாற் சொல் பெண்களையும் குறிக்கும் என்று எழுதி வைத்தது. 2019இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதிக்காரர் 'தே'யையே அந்த ஆண்டின் சொல்லாக எடுத்தார்கள். சரி, அதை விடுங்கள், 'யூ'வும் ஒரு காலத்தில் பன்மைதான், ஒருமைக்கு 'தவ்' என்று தனியாக ஒன்று இருந்தது. இப்போது ஒரே ஒரு ஆளைப் பார்த்து 'யூ ஆர்' என்கிறோம், யாரும் பேனா எடுப்பதில்லை.

அதைவிட என்னைக் குத்துவது எங்கள் 'அவர்'. அதுவும் பலர்பால்தான். ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் உள்ள உயர்வுச் சொல், இலக்கண முறை அல்ல என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. அந்த 'முறை அல்லாதது' நிலைத்து, பன்மைக்கு 'அவர்கள்' என்று இன்னொரு 'கள்'ளும் போட்டாயிற்று. ஏன், அவள் எனக்குச் சொல்கிற 'சொல்லுங்கோ சேர்' மட்டும் என்ன ஒருமையா? மரியாதைக்காகப் பன்மை வளைந்து கொடுப்பதை நாள் முழுக்க வாங்கிக்கொண்டிருக்கிற நான், அந்தப் பெண்களுக்கு ஒரு 'தெயர்' விட மாட்டேன் என்றிருக்கிறேன்.

அப்படியென்றால் நாளைக்கு 'டிஸ்கஸ் அபவுட்'டும் சரியாகிவிடுமா? ஆகலாம். எல்லாரும் சொல்கிறார்கள் என்பதற்காக விட்டால் கந்தோரில் நான் எதற்கு? ஆனால் 'தெயரை' வெட்டும்போதும் இதையேதான் நினைத்தேன், அதுதான் இடிக்கிறது.

போன கிழமை அதே மாதிரி வசனம் வந்தது, திரும்பவும் 'ஈச்', திரும்பவும் 'தெயர்'. பேனா கையில் இருந்தது. 'ஈச் அப்ளிகன்ட்'டை வெட்டி 'ஓல் அப்ளிகன்ட்ஸ்' என்று மாற்றினேன். 'தெயர்' அப்படியே நின்றது, கிராமரும் தப்பியது. அவள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ரைப் பண்ணப் போய்விட்டாள்.