486-க்கு ஹார்ட் டிஸ்க் மாற்றுகிறீர்களா?

பரணிலிருந்து இறக்கிய 486 கம்ப்யூட்டர் (486 சிப்பில் ஓடும் தொண்ணூறுகளின் பிசி) 'எச்டிடி கன்ட்ரோலர் ஃபெயிலியர்', அதாவது ஹார்ட் டிஸ்கைக் காணோம், என்று அலறினால், உடனே டிஸ்குக்குப் பாடை கட்டிவிடாதீர்கள். பல சமயம் செத்தது டிஸ்க் அல்ல, போர்டில் இருக்கும் பேட்டரி. அது போனால், டிஸ்க் ஒன்று இருப்பதையே பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) மறந்துவிடும். டிஸ்கின் அளவைச் சொல்லும் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்கள் பெரும்பாலும் டிஸ்கின் லேபிளிலேயே இருக்கும். பயாஸின் செட்டப் திரையில் டைப் 47 (எண்களை நாமே தரும் வகை) என்று வைத்து அவற்றை அடித்துப் பாருங்கள். சி டிரைவ் எழுந்து உட்கார்ந்தாலும் உட்காரும்.

அந்தப் பேட்டரி, பெரும்பாலும் நீல நிறத்தில் பீப்பாய் மாதிரி இருக்கும் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம், ஒழுகியிருந்தால் முதலில் அதை வெட்டி எடுங்கள். ஒழுகுவது காரம் என்பதால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் கழுவ வேண்டும். பல போர்டுகளில் பேட்டரி கீபோர்டு சாக்கெட் பக்கத்திலேயே இருப்பதால், அரிப்பு முதலில் கீபோர்டின் தடங்களைத்தான் தின்னும். அப்போது திரையில் வருவது: 'கீபோர்டு எரர், எஃப்1 அழுத்தவும்'. எதை வைத்து அழுத்துவது என்று அது சொல்லாது.

டிஸ்க் சுற்றவே இல்லை, அல்லது 'டக் டக்' என்று தட்டிக்கொண்டே இருக்கிறது என்றால் நிஜமாகவே போய்விட்டது. பழைய டிஸ்கையே தேடி அலைய வேண்டாம். ஒரு காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டும் (பழைய கேமராக்களின் மெமரி கார்டு), அதை ஹார்ட் டிஸ்க் கேபிளில் மாட்ட 40 பின் ஐடிஈ அடாப்டரும் போதும். அடாப்டரின் ஜம்பரை (பின்களை இணைக்கும் சின்ன மூடி) மாஸ்டரில், அதாவது முதல் டிஸ்க் என்ற நிலையில், வையுங்கள். கேபிளின் சிவப்புக் கோடு 1-ஆம் பின் பக்கம் வர வேண்டும். மலிவான அடாப்டர்களில் தடுப்பு இருக்காது, தலைகீழாகவும் சமர்த்தாக ஏறிவிடும். ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கேபிளைத் திருப்பிப் போடுங்கள்.

4 ஜிபி கார்டு கையில் இருக்கிறதே என்று பெருமைப்படலாம், 486-இன் பயாஸ் பெருமைப்படாது. 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், செக்டருக்கு 512 பைட்: மொத்தம் 504 எம்பி. பழைய பயாஸ் பெரும்பாலும் அதற்கு மேல் எண்ணாது. 512 எம்பி கார்டே நிம்மதி.

டாஸ் 6.22 (அந்தக் கால இயங்குதளம்) ஃபிளாப்பியில் பூட் செய்து, அதிலுள்ள எஃப்டிஸ்க் என்ற புரோகிராமில் பார்ட்டிஷன் போட்டு (கார்டில் இடம் பிரித்து), 'ஃபார்மட் சி: /எஸ்' கொடுத்தால் வேலை முடிந்தது. முழு இடத்தையும் எடுக்காமல் பார்ட்டிஷன் போட்டால், அதை 'ஆக்டிவ்' (இதிலிருந்துதான் பூட் ஆக வேண்டும் என்ற குறி) ஆக்குவது உங்கள் பொறுப்பு. மறந்தால், ஏஎம்ஐ பயாஸ் உள்ள போர்டு 'நோ ரோம் பேசிக், சிஸ்டம் ஹால்டட்' என்று முறைக்கும். ஐபிஎம்மின் முதல் பிசி, டிஸ்க் இல்லாவிட்டால் ரோமில் (போர்டின் நிரந்தர நினைவகச் சிப்பில்) இருக்கும் பேசிக் மொழிக்குப் போய்விடும். அந்த வசதி தன்னிடம் இல்லை என்று, யாரும் கேட்காமலேயே ஏஎம்ஐ பயாஸ் வாக்குமூலம் கொடுக்கிறது.

கார்டு முன்பு கேமராவில் இருந்ததென்றால் இன்னொரு வம்பு. எல்லாம் சரியாகச் செய்த பிறகும் கர்சர் மட்டும் கண்ணடித்துக்கொண்டிருக்கும். கார்டின் முதல் செக்டரில் கையெழுத்து (இந்த செக்டர் செல்லும் என்ற குறி) இருக்கும், பூட் கோடு (கம்ப்யூட்டரை எழுப்பும் நிரல்) இருக்காது. கையெழுத்தைப் பார்த்ததும் எஃப்டிஸ்க் நம்பிவிடும், புதிதாக எதுவும் எழுதாது. ஃபிளாப்பியில் திரும்ப பூட் செய்து 'எஃப்டிஸ்க் /எம்பிஆர்' அடியுங்கள், அது பூட் கோடை எழுதிவிடும்.