நைரோபி வாசலில் ஒரு பச்சை அந்துப்பூச்சி

நவம்பர் மழை விட்ட ஓர் இரவு, வாசல் விளக்குக்குக் கீழே சுவரில் அது உட்கார்ந்திருந்தது. மழைக்கு ஏதோ இலை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் குண்டு உடம்பு, அம்பு முனைபோல் பின்னுக்குச் சாய்ந்த இறக்கை. பருந்து அந்துப்பூச்சிக் குடும்பம், அதில் சந்தேகமில்லை.

நோட்டில் 'அரளி அந்து' என்று எழுதிவைத்தேன். சின்ன வயதில் ஊரில் அரளியிலும் நந்தியாவட்டையிலும் அதன் புழுக்களைப் பிடித்து வளர்த்திருக்கிறேன். அதே இனம் ஆப்பிரிக்காவிலும் உண்டு. ஆனால் மறுநாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் இடித்தது. அரளி அந்துவின் இறக்கையில் வெளிர் பட்டைகளும் இளஞ்சிவப்புத் திட்டுகளும் கலந்து கிடக்கும். இதில் அப்படி எதுவும் இல்லை. முதுகிலிருந்து இறக்கை நுனிவரை ஒரே பச்சை, முற்றிய கறிவேப்பிலையின் மேல்பக்கம் இருக்குமே, அந்தப் பச்சை. ஃபிளாஷ் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அது நீலம் தட்டித் தெரிந்தது. நிறத்தைக் கண்ணால் பார்த்த கையோடு எழுதிவைப்பது நல்லது.

பின் இறக்கையைப் பார்க்காமல் முடிவுசெய்ய முடியாது. உட்கார்ந்திருக்கும்போது முன் இறக்கை அதை முழுதாக மூடிவிடும். கையால் விரித்துப் பார்க்க எனக்கு மனம் வராது, செதில் உதிர்ந்துவிடும். மூன்று இரவு கழித்து இன்னொன்று வந்தது. பக்கத்தில் ஸ்கேலைப் பிடித்து அளந்தேன்: முன் இறக்கை 5 செ.மீ. அப்புறம் வீடியோவைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பருந்து அந்துக்கள் பறப்பதற்கு முன் உடம்பைச் சூடாக்க இறக்கையை நடுங்கவிடும். அது நடுங்கிய சில நொடிகளில், பச்சைக்கு அடியிலிருந்து பழுத்த மாம்பழ மஞ்சள் பளிச்சென்று வெளியே வந்தது. உடம்பை ஒட்டி ஒரு கறுப்புத் திட்டு. அந்த ஒரு காட்சிக்காக எத்தனை இரவு வேண்டுமானாலும் உட்காரலாம்.

அதன் அறிவியல் பெயர் யூக்ளோரான் மெகேரா. இதில் மெகேரா என்பது 1758இல் உயிரியல் அறிஞர் லின்னேயஸ் வைத்தது. சஹாராவுக்குத் தெற்கே பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இருக்கிறது. பெயரின் முதல் பாதியான யூக்ளோரான், பேரினத்தின் பெயர், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதி. அந்தப் பேரினத்தில் இது ஒன்றே ஒன்றுதான். 'நல்ல பச்சை' என்று பொருள்தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து பேரினப் பெயர். மெகேரா கிரேக்கப் புராணத்தில் பழிவாங்கும் மூன்று தேவதைகளில் ஒருத்தி. இவ்வளவு சாதுவான பூச்சிக்கு அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை.

புழுவுக்கு உணவு திராட்சைக் குடும்பச் செடிகள், நம் பிரண்டையின் சொந்தக்காரர்கள். வேலியில் அப்படி ஒரு காட்டுக்கொடி படர்ந்திருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு நாள் டார்ச் அடித்துத் தேடியதில், விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு கிடைத்தது. உடம்பின் முன்பகுதியில், பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிய கண் வடிவப் பொட்டு. தொட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அந்த இடம் உப்பி, பொய்க்கண் இரண்டும் என்னை முறைப்பதுபோல் நின்றன.

ஒரு வாளியில் சருகு பரப்பி, தினமும் புதுக்கொடி வைத்து வளர்த்தேன். ஆறாம் நாள் பச்சை மங்கிப் பழுப்பாகி, தின்பதை நிறுத்தி, சருகுக்கு அடியில் போய்விட்டது. இன்றோடு பதினொரு நாள். கூட்டுப்புழு வெளிர் பழுப்பு நிறம், சருகை இழுத்து மெல்லிய நூலால் சேர்த்திருக்கிறது. வாளியை நிழலில் வைத்து, சருகு காயாமல் லேசாகத் தண்ணீர் தெளித்து வருகிறேன்.