சைனின் மடக்கைக்குத் தொகை காணல்

சைன் எக்ஸின் இயல் மடக்கையை (e-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையை) 0 முதல் பை/2 வரை தொகையிடும், அதாவது அதன் வளைவரைக்கும் எக்ஸ் அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பைக் குறியோடு காணும், கணக்கை இன்று மீண்டும் போட்டுப் பார்த்தேன். இந்தச் சார்பின் வரையறாத் தொகையை (எல்லைகள் இடாத பொதுத் தொகையை) அடிப்படைச் சார்புகளால் எழுதவே முடியாது என்பதால், பகுதித் தொகையிடல் போன்ற வழக்கமான முறைகளுக்கு இது மசியாது. ஆனால், எக்ஸுக்குப் பதிலாக பை/2-இலிருந்து எக்ஸைக் கழித்துப் பிரதியிட்டால் சைன் கொசைனாக மாறுகிறது. தொகையின் மதிப்போ மாறுவதில்லை. இரண்டையும் கூட்டும்போது மடக்கைக்குள் வரும் பெருக்கலை சைன் 2எக்ஸின் பாதி என்று எழுதி, மாறியை மாற்றி, சமச்சீரைப் பயன்படுத்தினால், நாம் தேடிய தொகையே மறுபடி தலைகாட்டுகிறது (இந்த இடம் எனக்கு அலுப்பதே இல்லை). அதை ஒரு பக்கமாக ஒதுக்கினால், பை/2-ஐ 2-இன் இயல் மடக்கையால் பெருக்கிக் குறைக்குறி இட்டதே விடை, ஏறக்குறைய −1.089.

பலரும் கவனிக்காமல் கடந்துவிடுவது கீழ் எல்லையைத்தான். எக்ஸ் 0-ஐ நெருங்க நெருங்க மடக்கை முடிவின்றிக் கீழிறங்குகிறது. எனினும், எக்ஸின் மடக்கை இறங்கும் அதே மெதுவான வேகத்தில் இறங்குவதால், அடைபடும் பரப்பு முடிவுள்ளதாகவே இருக்கிறது. இதை உறுதி செய்யாமல் தொகையை இரு பக்கமும் கூட்டிக் கழிப்பது, விடை சரியாக வந்தாலும், எனக்கு உடன்பாடில்லை.