தாராவிதான் சரியான சோதனை

பொது மதம் இல்லாமல் சமூகம் தழைக்குமா என்றால் உடனே ஸ்வீடன், டென்மார்க்கைக் காட்டுகிறார்கள். நூற்றாண்டுக் கணக்கில் ஒரே லுத்தரன் கிறிஸ்தவ சபை இருந்த நாடுகள் அவை. அது எப்படிச் சோதனையாகும்? மும்பையின் தாராவியைப் பாருங்கள். நெல்லைச் சீமையிலிருந்து வந்த இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாரும் நெருக்கியடித்து வாழும் இடம். 1992-93 இந்து-முஸ்லிம் கலவரத்தையும் பார்த்தது.

இங்கே மனிதர்களைச் சேர்த்து வைப்பது நல்லிணக்கப் பேச்சல்ல, கணக்கு நோட்டு. குடியிருப்புச் சங்கத்தின் பராமரிப்புப் பணத்தோடு (சொசைட்டி மெயின்டனன்ஸ்) பண்டிகை வசூலைக் கலந்தால் சண்டை நிச்சயம்: "என் காசில் ஏன் உங்கள் பந்தல்?" தனி ரசீது புத்தகம், விருப்பமுள்ளவர் மட்டும் தரட்டும். ஒலிபெருக்கிக்கு 2000-ஆம் ஆண்டு விதி இருக்கிறது: திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. மாநில அரசு ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். அந்த 15 நாளில் யார் பண்டிகைக்கு எத்தனை என்பதில்தான் மனக்கசப்பே!