ஞாயித்துக்கிழமைன்னா ஆனைமடுவு

லீவுன்னா ஊரெல்லாம் ஏற்காடு போகும். சேலம் மாவட்டத்து வாழப்பாடிக்காரங்களுக்குப் புழுதிக்குட்டை ஆனைமடுவு அணைதான். வசிஷ்ட நதிக்குக் குறுக்கே, 67 அடி உயரம். மலையில மழை பிடிச்சா தண்ணி செம்மண் நிறமா ஏறும். கரை பூரா சனம். புளிசாதப் பொட்டலம் பிரியும், வலையில துள்ளுற ஜிலேபி மீனைப் பசங்க சுத்தி நின்னு பார்ப்பாங்க. காசில்லாமக் கிடைக்கிற சந்தோஷம் இது.

அந்தக் கரையிலயா பாட்டிலை உடைக்கறது? போன வாரம் ஒரு பாப்பா காலைக் கண்ணாடி கிழிச்சிருச்சு. அவங்கப்பா தோள் துண்டைக் கிழிச்சுக் கட்டினார், ரத்தம் நிக்கவே இல்ல. மனசு ஆறல.

மதகுப் பக்கம் குளிக்கவும் இறங்காதீங்க. மேல அமைதியாத்தான் தெரியும், அடியில இழுக்கும், சேறு காலைப் பிடிச்சுக்கும்.

வர்ற ஞாயிறு காலையில கண்ணாடி பொறுக்கப் போறோம். வர்றவங்க கமெண்ட்ல சொல்லுங்க. சாக்கு நாங்க கொண்டு வர்றோம், செருப்பில்லாம வராதீங்க.