அமைதி காக்கவும் போர்டுக்குக் கீழ பேஸ் டிரம்

நான் புக்கு படிக்க ஆரம்பிச்சதுக்கு காரணம் எங்க ஸ்கூல் பேண்டு செட்டு தான். இத சொன்னா வீட்ல யாரும் நம்ப மாட்டேங்குறாங்க, ஆனா அதான் நெஜம்.

சீர்காழி பக்கம் ஒரு சின்ன ஊரு, அங்க ஹையர் செகண்டரி ஸ்கூல், 1994ல நான் ஒன்பதாவது. லைப்ரரின்னு தனியா ஒரு ரூம் இருந்துச்சு, ஆனா லைப்ரேரியன் கெடையாது, தமிழய்யா தான் இன்சார்ஜ். ஆறு பீரோ, ஆறுக்கும் பூட்டு. அவர குத்தம் சொல்லவும் முடியாது, ஸ்டாக் செக்கிங் வர்றப்ப ஒரு புக்கு குறைஞ்சாலும் அவர் தான் பதில் சொல்லணும், கைக்காசு போடணும், அந்த பயத்துல பசங்கள உள்ளயே விட மாட்டாரு. இதுல கொடுமை என்னன்னா, இந்தியாவுக்கே நூலகம்னா என்னன்னு சொல்லிக்குடுத்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892ல பொறந்தது இதே சீர்காழில தான், அவரோட அஞ்சு விதியில மொதல் விதியே புக்கு இருக்கிறது பயன்படுத்துறதுக்குன்னு தான். நாங்க கண்ணாடி வழியா பைண்டிங்க பாத்து பயன்படுத்திட்டு இருந்தோம்.

அந்த வருஷம் பி.டி. ரூம் கூரை ஒழுக ஆரம்பிச்சு, பேண்டு சாமான் அத்தனையும் லைப்ரரிக்கு வந்துருச்சு. நாலு சைடு டிரம், ஒரு பேஸ் டிரம், ஜால்ராவுக்கு அண்ணன் மாதிரி ஒரு ஜோடி சிம்பல், முக்கோண கம்பி ஒண்ணு, ஊதுறதுக்கு நெளிஞ்ச பியூகிள் ரெண்டு. "அமைதி காக்கவும்"னு சிவப்பு பெயிண்டுல எழுதுன போர்டுக்கு நேர் கீழ பேஸ் டிரம். தமிழய்யா ஒரு வாரம் பி.டி. சார் கூட பேசவே இல்ல.

நான் சைடு டிரம். வாசிச்சவங்களுக்கு தெரியும், அந்த டிரம் தோள்பட்டையில மாட்டி தொடை மேல சாஞ்சு தொங்கும், அதனால லெப்ட் கையால குச்சிய சாதாரணமா புடிச்சா அடி விழாது, உள்ளங்கைய மேல திருப்பி கட்டைவிரல் இடுக்குல சொருகி புடிக்கணும், அது வசப்படவே மூணு மாசம் ஆகும். அப்புறம் உருட்டு, ரெண்டு ரைட்டு ரெண்டு லெப்ட்டு, மெதுவா ஆரம்பிச்சு வேகம் கூட்டி கூட்டி கடைசில தகரக் கூரைல மழை கொட்டுற மாதிரி வரணும். மத்த கிளாஸ் நடக்குறப்ப டிரம்ல அடிக்க முடியாது, அதனால பி.டி. சாரே போயி தமிழய்யாகிட்ட கேட்டு, கெட்டி அட்டை போட்ட பெரிய புக்கா ஒண்ணு வாங்கிட்டு வந்து "இதுல அடிச்சு பழகுடா"ன்னு குடுத்தாரு. கலைக்களஞ்சியம், முதல் தொகுதி. ஐயா எப்படி குடுத்தாருன்னு இன்னிக்கும் புரியல, அட்டை ஏற்கனவே பிரிஞ்சு போயிருந்துச்சு, அதனாலயா இருக்கலாம்.

அடிச்சு கை வலிச்சா என்ன பண்றது, தொறந்து பாப்பேன். அ-ல ஆரம்பிக்குது. அணுன்னு ஒரு பக்கம், அசோகர்னு ஒரு பக்கம், படம் வேற. பத்து நிமிஷம் அடி, பத்து நிமிஷம் படி, போகப்போக அடி குறைஞ்சு போச்சு. மத்த தொகுதிய எல்லாம் பீரோவுலேர்ந்து கேட்டு வாங்க தைரியம் இல்லாததால, இன்னிக்கும் அகரத்துல ஆரம்பிக்கிற விஷயம்னா எனக்கு கொஞ்சம் கூடுதலாவே தெரியும், ககரத்துக்கு மேல சுமார் தான்.

ஜனவரி 26 கூத்த சொல்லணும். ஆகஸ்ட் 15ன்னா பிரச்சன இல்ல, வெயில் இருக்கும். தை மாசம் எங்க பக்கம் காலைல கொட்டுற பனி இருக்கே, எங்க டிரம் எல்லாம் தோல் கட்டுனது, ஈரத்துக்கு தோல் தொய்ஞ்சு போயி அடிச்சா தொப் தொப்புன்னு நனைஞ்ச சாக்க அடிக்கிற சத்தம். வெள்ள பேண்ட்டு, சாக்பீஸ் தேச்சு வெளுப்பாக்குன கேன்வாஸ் ஷூ, எல்லாம் ரெடி, டிரம் மட்டும் ரெடி இல்ல. பறைய காய்ச்சுற மாதிரி காய்ச்சிரலாம்னு பி.டி. சார் லைப்ரரிலேர்ந்து ஒரு கட்டு பழைய பேப்பர அள்ளிட்டு வந்து கொளுத்திட்டாரு. அது தமிழய்யா வருஷக்கணக்கா சேத்து வெச்சிருந்த ஞாயித்துக்கிழமை இணைப்பு! கொடியேத்த தலைமையாசிரியர் வந்து நிக்குறாரு, இந்த பக்கம் ஐயா வேட்டிய மடிச்சு கட்டிட்டு கத்துறாரு, நாங்க சிரிப்ப அடக்க முடியாம நிக்குறோம். டிரம் என்னவோ கணீர்னு பேசுச்சு.

அதே வருஷம் டூர், தஞ்சாவூர். பெரிய கோயில் பாத்துட்டு சரஸ்வதி மகால் லைப்ரரி. அங்க சொன்னாங்க, இரண்டாம் சரபோஜி ராஜா, 1832 வரைக்கும் இருந்தவரு, ஓலைச்சுவடி, இங்கிலீஷ் புக்குன்னு வாங்கி குவிச்சதோட நிக்காம அரண்மனைல வெள்ளக்காரன் பாணில ஒரு பேண்டும் வெச்சிருந்தாராம். ஐயா ரெண்டு நிமிஷம் பேசல. அப்புறம் திரும்பி, "பாத்தீங்களா பி.டி. சார், ராஜாவே ரெண்டையும் ஒரே வீட்ல தான் வெச்சிருந்திருக்காரு"ன்னாரு. பி.டி. சார் அவருக்கு டீ வாங்கி குடுத்தாரு. ஊர் திரும்புனதும் பீரோ தெறந்துச்சுன்னு எழுதலாம், ஆனா தெறக்கல. பேண்டு பசங்களுக்கு மட்டும் வாரம் ஒரு புக்கு, நோட்ல கையெழுத்து போட்டுட்டு, அவ்வளவு தான்.

ரொம்ப நாள் கழிச்சு தான் தெரிஞ்சுது, அந்த கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியரா இருந்த பெரியசாமித் தூரன் கச்சேரில பாடுற தமிழ் கீர்த்தனையும் எழுதுனவரு. மனுஷன் கோவிச்சுக்க மாட்டாருன்னு நெனைக்கிறேன். மொத்தம் பத்து தொகுதி, மொதல் தொகுதி 1954ல வந்தது, எல்லாம் இப்ப தமிழ் இணையக் கல்விக்கழகத்துல ஓசியா கெடைக்குது. போன வாரம் ராத்திரி உக்காந்து முதல் தொகுதிய தொறந்தேன், அ-வ தாண்டி போலாம்னு. நாலு பக்கம் போயிருப்பேன், கை தானா டேபிள்ல ரெண்டு ரைட்டு ரெண்டு லெப்ட்டு, உள்ளேர்ந்து பொண்ணு கத்துறா, "அப்பா, நாளைக்கு எக்ஸாம், சத்தம் போடாதப்பா"ன்னு.